எளியோர் கைத் துவக்கு

வேட்டை என்றவுடன் மனக்கண்முன் தோன்றுவது அரசரும் பிரபுக்களும் பரிவாரம் சூழக் காடு புகும் காட்சியே. ஆயின், உலகில் வேட்டையாடியோருட் பெரும்பாலோர் அரசரல்லர். வீட்டில் அடுப்பெரிய வேண்டும் என்பதற்காகவே அவர்கள் காட்டுக்குட் சென்றனர். அத்தகையவனுக்கு வேண்டிய துவக்கு எது? அதன் விலை அவன் கைக்கு எட்டுவதாய் இருத்தல் வேண்டும். மழையிலும் பனியிலும் சேற்றிலும் அது மறுக்காமல் வெடித்தல் வேண்டும். தோட்டா ஊர்க் கடையிலேயே கிடைத்தல் வேண்டும். இம்மூன்றும் ஒருங்கமைந்த துவக்கொன்று 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் கனடா நாட்டு எளிய மக்களுக்குக் கிடைத்தது. விந்தை யாதெனில், அது வேட்டைக்கென ஆக்கப்பட்டதன்று. மனிதன் மனிதனைச் சுடும் போருக்கென ஆக்கப்பட்டது. அதுவே லீ-என்பீல்ட் என்னும் துவக்கு.

அதன் பெயரின் முற்பகுதி ஒரு மனிதனைக் குறிக்கும். ஜேம்ஸ் பாரிஸ் லீ 1831ஆம் ஆண்டு ஸ்கொத்லாந்திற் பிறந்தார். அவர் சிறு பிள்ளையாய் இருந்தபோதே குடும்பம் கனடாவில் ஒன்ராறியோப் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. அங்கு வளர்ந்த லீ மணிக்கூடு செய்யுந் தொழிலைக் கற்றார். பின்னர் ஐக்கிய அமெரிக்கா சென்றார். சின்னஞ் சிறு சக்கரங்களுடன் பழகிய அந்தக் கை, 1879இல் ஓர் அரிய அமைப்புக்கு உரிமை பெற்றது. துவக்கின் அடியிற் பொருத்தவும் கழற்றவும் கூடிய தோட்டாப் பெட்டியே அது. பிரித்தானிய அரசாங்கம் 1888இல் அவர் அமைப்பைத் தன் படைக்கு ஏற்றுக்கொண்டது. புகையற்ற மருந்தின் கடுஞ் சூடு அக்காலத்துக் குழலின் உட்புறத்தை விரைவில் தேய்த்தமையால், இலண்டனுக்கு அண்மையிலுள்ள என்பீல்ட் தொழிற்சாலை வேறு வகைக் குழலை 1895இல் அமைத்தது. பெயரின் பிற்பகுதி அத்தொழிற்சாலையைக் குறிக்கும்.

இத்துவக்கின் இயல்பு எளிது. பெட்டியிற் பத்துத் தோட்டாக்கள் அடங்கும். தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் தாழ், சிறு தூரமே பின்னே வந்து மீளும். அதனாற் கண்ணைக் குறியினின்றும் எடாமலே அடுத்த வெடிக்கு ஆயத்தமாகலாம். முதல் உலகப் போருக்கு முன்னர்ப் பயின்ற பிரித்தானியக் காலாட்படையினர், நிமிடம் ஒன்றுக்குப் 15 முறை குறி தப்பாது சுடப் பழகியிருந்தனர். உறுப்புகளுக்கிடையே சிறிது இடைவெளியும் விடப்பட்டிருந்தது. மணலோ சேறோ புகுந்தாலும் தாழ் இறுகாமைக்கு அதுவே காரணம். நுண்மையை நாடுவோர் குறையென்று கூறத்தக்க அத்தளர்ச்சியே அதன் உயிர்நாடி எனலாம்.

இவ்வுண்மையைக் கனடியர் பெருவிலை கொடுத்தே கற்றனர். முதல் உலகப் போர் தொடங்கியபோது கனடியப் படையின் கையில் இருந்தது ராஸ் என்னும் துவக்கு. கியூபெக் நகரிற் செய்யப்பட்ட அது, குறி பார்த்துச் சுடும் போட்டிகளிற் புகழ் ஈட்டியது; காட்டில் மான் வேட்டைக்கும் உகந்தது. ஆயின், 1915ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் பெல்ஜியத்தின் ஈப்பர் களத்திற் பகைவர் நச்சுவாயுவை ஏவி முன்னேறிய வேளையில், அந்த நுண்ணிய துவக்கின் தாழ் சேற்றிலும் சூட்டிலும் இறுகிற்று. வீரர் சிலர் அதைக் காலால் உதைத்துத் திறக்க முயன்றனர். உயிர் பிழைத்தோரில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் தம் துவக்கை எறிந்துவிட்டு, வீழ்ந்து கிடந்த பிரித்தானிய வீரரின் லீ-என்பீல்டை எடுத்துக் கொண்டனர். அடுத்த ஆண்டிலேயே அரசாங்கமும் அவர்கள் வழியைப் பின்பற்றியது. குறிபார்த்துச் சுடும் தேர்ந்த வீரர் சிலர் மாத்திரம் ராஸை விடாது வைத்திருந்தனர்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், கனடா இத்துவக்கைத் தன் மண்ணிலேயே ஆக்கத் தொடங்கியது. ரொறன்ரோ நகருக்கு மேற்கே லோங் பிராஞ்ச் என்னும் இடத்தில் 1940இல் தொழிற்சாலை எழுந்தது. அங்கு உழைத்தோருட் பெரும்பாலோர் பெண்கள். போர் முடிவதற்குள் ஏறக்குறைய 9 இலட்சம் துவக்குகளை அவர்கள் செய்து முடித்தனர். அத்தொழிற்சாலையின் ஒரு கட்டடம் இன்றும் மிசிசாகா நகரிற் கலைக்கூடமாய் நிற்கின்றது. அவ்வட்டாரத்திலே பெருந்தொகையாய்க் குடியேறிய ஈழத்தமிழருக்கு அக்கட்டடத்தின் பழங்கதை புதிதாய் இருக்கலாம், துவக்கு புதிதன்று. பிரித்தானியர் காலத்திலும் பின்னரும் இலங்கைப் படையினரும் பொலிசாரும் தோளிற் சுமந்த ‘த்ரீ நொட் த்ரீ’ இதுவே.

போர் ஓய்ந்தது. 1950களிற் பிரித்தானியாவும் கனடாவும் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் புதிய துவக்குக்கு மாறின. பழையன இலட்சக் கணக்கில் மிகுந்து கிடந்தன. வணிகர் அவற்றை மொத்தமாய் வாங்கி, புதிய வேட்டைத் துவக்கின் விலையில் ஒரு சிறு பங்குக்கு விற்றனர். கமக்காரன், மரம் வெட்டுவோன், சுரங்கத் தொழிலாளி ஆகியோர் அதை வாங்கி வீட்டுக்குக் கொண்டு சென்றனர். முன்புறத்து மரத்தை வாளால் அறுத்துக் குறைத்தனர். ஈட்டி பூட்டும் உறுப்பைக் கழற்றி எறிந்தனர். எஞ்சிய கட்டையைத் தேய்த்து எண்ணெய் பூசினர். ஏறத்தாழ 9 இறாத்தல் நிறையுள்ள போர்க்கருவி ஓரிரு மாலைப்பொழுதுக்குள் மெலிந்து வேட்டைக் கருவியாயிற்று. பர்மிங்காம் நகரத்துப் பார்க்கர்-ஹேல் நிறுவனம் இம்மாற்றத்தையே பெருந்தொழிலாய் நடத்தியது.

இவ்வாறு பிறந்த துவக்கு குறைகள் அற்றதன்று. தாழ் பின்புறத்திற் பூட்டப்படுவதால் மிகு வலிமையுடைய புதுத் தோட்டாக்களுக்கு அது ஏற்றதன்று. தொலைநோக்கி பொருத்துவதும் எளிதன்று. ஆயினும், அடர்ந்த காட்டில் 100, 150 யார் தூரத்தில் நிற்கும் மானுக்கு இவை எதற்கு? மென்முனைச் சன்னம் கொண்ட .303 தோட்டா, மூஸ் என்னும் மாபெரும் மானையும் வீழ்த்தும். ஒரு மூஸ் வீழ்ந்தால் ஒரு குடும்பத்துக்கு மாரி காலம் முழுவதும் இறைச்சி உண்டு. தன் தேவையின் அளவை அறிந்தவனுக்குக் குறைந்த விலைக் கருவியே நிறைவைத் தந்தது. அந்நிறைவு அறியாமையாற் பிறந்ததன்று, அளவறிந்து பிறந்தது.

இதற்குத் தக்க சான்று வடதுருவத்தை அடுத்த ஊர்களில் உண்டு. 1947இல் கனடிய அரசாங்கம், படை செல்ல இயலாத தொலைப்புறங்களைக் காவல் செய்ய அவ்வூர் மக்களையே கொண்டு ‘கனடியன் ரேஞ்சர்ஸ்’ என்னும் அணியை அமைத்தது. அவர்களுக்குக் கொடுக்கப்பட்டவை லீ-என்பீல்ட் ஒன்றும் ஆண்டுதோறும் 200 தோட்டாக்களும். இனுவிட் மக்களும் பிற பழங்குடியினரும் அதைக்கொண்டு கரிபு என்னும் பனிமானை வேட்டையாடினர். வெண்கரடியினின்றும் தம்மைக் காத்தனர். கடுங் குளிரில் எண்ணெய் உறைந்து தாழ் இறுகும் என்பதால், எண்ணெயைத் துடைத்து உலர்ந்தபடியே வைத்திருக்கவும் அறிந்திருந்தனர். மற்றைப் படைகள் பன்முறை துவக்கு மாற்றிய பின்னரும் அவர்கள் அதை 70 ஆண்டுகள் விடவில்லை. 2010களின் பிற்பகுதியிலேதான் சி-19 என்னும் புதிய துவக்கு அவர்களுக்கு வழங்கப்பட்டது. பழையது தோற்றமையால் அன்று, அதற்கு வேண்டிய மாற்று உறுப்புகள் கிடைத்தற்கு அரியனவாய் ஆனமையாலேயே இம்மாற்றம் நேர்ந்தது.

எனினும், மலிவு என்பது நல்லவன் கைக்கு மாத்திரம் எட்டுவதன்று. 1963ஆம் ஆண்டு நவம்பர் 22ஆந் தேதி அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் உயிரைக் குடித்தது, தபால்மூலம் விற்கப்பட்ட இத்தாலியப் போர் மிச்சத் துவக்கு. தொலைநோக்கியுடன் அதன் விலை 19 டொலர் 95 சதம். ஒரு வீட்டில் உலையேற்றிய அதே மலிவு ஒரு நாட்டையே துயரில் ஆழ்த்திற்று. 1968இல் அந்நாடு தபால்மூல விற்பனைக்கும் போர் மிச்சத் துவக்குகளின் இறக்குமதிக்கும் சட்டத்தாற் கடிவாளம் இட்டது. கருவிக்கு அறம் இல்லை. அதைப் பிடிக்கும் கைக்கே உண்டு. ஆகவே கையை ஆராய்ந்து கருவியை வழங்குதல் அரசின் கடமையாகும்.

காலச் சக்கரம் மேலும் சுழன்றது. மரம் அறுபடாது எஞ்சிய லீ-என்பீல்டைச் சேகரிப்போர் இன்று பெருவிலை கொடுத்துத் தேடுகின்றனர், அறுத்தவர்களைப் பழிக்கின்றனர். வரலாற்றுப் பொருள் சிதைந்ததே என்னும் அவர் கவலை நியாயமானதே. ஆயினும், அறுத்தவனுக்கும் ஒரு நியாயம் உண்டு. அவன் கையில் இருந்தது அரும்பொருளன்று, பிள்ளைகளின் உணவு. ஈப்பரின் சேற்றில் மனிதனுக்கு எதிரே நீண்ட குழல், பின்னர் ஒன்ராறியோக் காட்டில் ஒரு குடும்பத்தின் பசியைத் தீர்த்தது. வாள் கொழுவாக மாறவேண்டும் என்பது சான்றோர் பலரின் கனவு. அக்கனவு எளியவர் சிலரின் பின்முற்றத்தில், ஒரு மரவாளின் துணையோடு, ஓரளவு நனவாயிற்று.