அனாதைப் பையன்களின் இடது கை

1770-ம் வருடம். அக்டோபர் 31. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரம்.

சார்லஸ் பர்னி என்கிற ஆங்கிலேயர் ஒரு பழைய கட்டடத்தின் படிகளில் ஏறிக்கொண்டிருக்கிறார். இசையின் வரலாற்றை எழுதியே தீருவது என்று கிளம்பி, ஊர் ஊராக அலைந்து விஷயம் சேகரிக்கும் மனிதர். முதல் மாடிப்படியில் ஒரு பையன் கழுத்து நரம்பு புடைக்க டிரம்பெட் ஊதிக்கொண்டிருக்கிறான். அடுத்த மாடிப்படியில் இன்னொரு பையன், ஹார்ன் என்கிற கொம்பு வாத்தியத்தைப் பிளிறவைத்துக்கொண்டிருக்கிறான். காதைப் பொத்திக்கொள்ளாத குறையாக பர்னி உள்ளே போனால், அங்கே ஒரு பெரிய ஹால். அதில் ஏழெட்டு ஹார்ப்சிகார்டுகள் (பியானோவுக்கு அக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள்), அதைவிட அதிகமாக வயலின்கள், நடுநடுவே பாட்டு. எல்லாம் ஒரே நேரத்தில்! ஒவ்வொரு பையனும் வெவ்வேறு பாடத்தை, வெவ்வேறு சுருதியில் வாசித்துக்கொண்டிருக்கிறான். முப்பது நாற்பது பையன்களில் இரண்டே பேர்தான் ஒரே பாடத்தை வாசித்ததாக பர்னி கணக்கெடுத்து எழுதிவைத்திருக்கிறார். உட்கார நாற்காலி? கிடையாது. பையன்கள் படுக்கும் கட்டில்தான் ஸ்டூல். இத்தனைக்கும் அது விடுமுறைக் காலம். நிறையப் பேர் அங்கே இல்லை!

சந்தைக்கடை மாதிரி இருந்த அந்த இடத்தின் பெயர் சான்ட் ஒனொஃப்ரியோ. ஐரோப்பா முழுவதும் பேர்போன இசைப் பள்ளி.

அந்தப் பள்ளிக்குள் நுழையும் முன்பு, உங்கள் வீட்டு பீரோமேல் உறைபோட்டுத் தூங்குகிற கீபோர்டை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் இருக்கும். பெரும்பாலான கீபோர்டுகளின் கதை ஒன்றுதான். வலது கையில் மெலடி, அதாவது பாட்டின் மெட்டு, நன்றாக வந்துவிடும். இடது கையில் கார்ட் (ரேஷன் கார்டு அல்ல, ச, க, ப மாதிரி மூன்று ஸ்வரங்களைச் சேர்த்து ஒரே அமுக்காக அமுக்குவது) அதுவும் வந்துவிடும். இரண்டையும் சேர்த்து வாசி என்றதும்தான் தகராறு. வலது கை போகும்போது இடது கை நின்றுவிடும். இடது கையைத் தட்டி எழுப்பினால் வலது கை பாதை மாறிவிடும். முப்பத்தைந்து வயதில் ஆசைப்பட்டு வகுப்புக்குப் போய், ஆறே மாதத்தில் இந்த முட்டுச்சந்தில் மாட்டிக்கொண்டு திரும்பியவன் என்ற முறையில் சொல்கிறேன். ‘இதெல்லாம் பிறவியிலேயே வரணும் சார்’ என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பிறவியில் வருவதா? அதுதான் இல்லை. நேப்பிள்ஸ் பையன்கள் அதற்கு சாட்சி.

இன்றைக்கு உலகம் பூராவும் பெரிய இசைக் கல்லூரிகளுக்கு ‘கன்சர்வேட்டரி’ என்று பெயர். கேட்கவே கம்பீரமாக இருக்கிறதல்லவா? அந்தப் பெயரின் பிறப்பிடம் நேப்பிள்ஸ். அர்த்தம், அனாதை விடுதி! ‘கன்சர்வாரே’ என்றால் இத்தாலிய மொழியில் காப்பாற்றுதல். தெருவில் திரிந்த குழந்தைகளைக் காப்பாற்றிச் சோறு போட்ட இடங்கள்தான் கன்சர்வாட்டோரியோக்கள். 1537-ல் தொடங்கிய சான்டா மரியா டி லொரேட்டோ, சான்ட் ஒனொஃப்ரியோ, நீல அங்கி அணிந்த பையன்களால் பெயர்பெற்ற பியெட்டா டெய் துர்கீனி, 1589-ல் தொடங்கிய ‘ஏசுவின் ஏழைகள்’ என்று நான்கு விடுதிகள்.

சும்மா சோறு போட முடியுமா? ஏதாவது தொழில் கற்றுக்கொடுக்க வேண்டுமே. தச்சு, தையல் மாதிரி கைத்தொழில்களோடு இசையும் வந்து சேர்ந்தது. நேப்பிள்ஸில் சர்ச்சுகளுக்கும் குறைவில்லை, ஊர்வலங்களுக்கும் குறைவில்லை. பாட ஆள் வேண்டும். குழந்தைகளின் சவ ஊர்வலங்களில் தேவதை வேஷம் கட்டிப் பாடுவதற்குக்கூட இந்தப் பையன்களை அனுப்பி விடுதிகள் காசு சம்பாதித்தன. வருமானம் வரவர, மற்ற தொழில்கள் மறைந்து இசை மட்டும் நின்றது. பிற்பாடு காசு கட்டிப் படிக்கும் பையன்களும் வந்தார்கள்.

குளிர்காலத்தில் விடிவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே எழுந்தாக வேண்டும். மதியச் சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம் தவிர, ராத்திரி எட்டு மணி வரை பயிற்சி. பெரிய வாத்தியார் எல்லோருக்கும் சொல்லித்தர முடியாது. பெரிய பையன்கள் சின்னப் பையன்களுக்குச் சொல்லித்தருவார்கள். சேரும்போதே, இத்தனை வருடம் இருப்பான் என்று ஒப்பந்தம் எழுதி வாங்கிவிடுவார்கள். எட்டு, பத்து வருடங்கள் சர்வ சாதாரணம்.

இனி விஷயத்துக்கு வருவோம். அந்த வருடங்களில் பையன்களுக்கு என்ன சொல்லிக்கொடுத்தார்கள்?

முதலில் வாத்தியத்தைத் தொடவே விடமாட்டார்கள். ஸ்வரம் பாடவேண்டும். நம்மூர் சரளி வரிசை மாதிரி, ‘சொல்ஃபெஜ்ஜியோ’. மெட்டு என்பது எப்படி எழும், எங்கே மூச்சுவிடும், எப்படி முடியும் என்பது தொண்டையில் ஊறிய பிறகுதான் ஹார்ப்சிகார்ட் முன்னால் உட்காரவைப்பார்கள்.

உட்கார்ந்ததும் கையில் ஒரு தாளைக் கொடுப்பார்கள். அதன் பெயர் ‘பார்ட்டிமெந்தோ’. பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். இடது கைக்கான ஒற்றை வரி மட்டும்தான் அதில் இருக்கும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு கனமான கீழ் ஸ்வரம். வலது கைக்கு? ஒன்றும் கிடையாது. வெற்றிடம்!

நான் பி.காம். படித்தவன். அதனால் எனக்கு இதைப் பேரேடாகத்தான் புரிந்துகொள்ள முடிகிறது. இடது பக்கம் மட்டும் பதிவு எழுதிய ஒரு கணக்குப் புத்தகம் அது. வலது பக்கத்தைப் பையன் அங்கேயே, அப்போதே, வாசிக்க வாசிக்க எழுதியாக வேண்டும். இரண்டு பக்கமும் டேலி ஆகவேண்டும். டேலி ஆகாவிட்டால் ஊருக்கே காதில் விழும்.

சில தாள்களில், கீழ் ஸ்வரத்தின் மேலே 6, 7 என்று எண்கள் இருக்கும். ஒன்றும் இல்லையென்றால் அதிலிருந்து மூன்றாவது, ஐந்தாவது ஸ்வரங்களைச் சேர்க்கவேண்டும். ச இருந்தால் ச-க-ப. மேலே 6 என்று போட்டிருந்தால் மூன்றாவது, ஆறாவது. க-வுக்கு மேலே 6 என்றால் க-ப-ச. கவனியுங்கள்: அதே ச-க-ப கார்ட்தான், தலைகீழாக நிற்கிறது. எண்கள் இல்லாத தாள்களும் உண்டு. அதற்கும் வழி வைத்திருந்தார்கள். கீழ் ஸ்வரம் ச-வில் தொடங்கிப் படிப்படியாக மேல் ச வரை ஏறினால், ஒவ்வொரு படிக்கும் எந்த கார்ட் பொருந்தும் என்று ஒரு வாய்ப்பாடு. ‘எட்டுப் படி விதி’ என்று சொல்லலாம். நாம் பதினாறாம் வாய்ப்பாடு வரை மனப்பாடம் செய்த மாதிரி, அந்தப் பையன்கள் அதை எல்லா சுருதியிலும் விரலில் ஏற்றிக்கொண்டார்கள்.

ஆக, நம் கீபோர்டு வகுப்புக்கும் நேப்பிள்ஸுக்கும் என்ன வித்தியாசம் என்று புரிகிறதா? நமக்கு இடது கை கார்ட், வலது கை மெட்டு. இரண்டும் தனித்தனியாகக் கற்று, பிறகு கல்யாணம் செய்துவைக்கப் பார்க்கிறோம். அங்கே இடது கைக்கு ஒரே ஸ்வரம். கார்ட் வலது கையில். அந்த கார்டின் உச்சியில் நிற்கிற ஸ்வரம்தான் மெட்டு! மெட்டும் கார்டும் ஒட்டிப் பிறந்தவை. அப்புறம் எதற்குத் தனியாகச் சேர்க்கவேண்டும்?

இந்தப் பயிற்சியில் கரைகண்ட வாத்தியார்களில் ஒருவர் ஃபெதெலே ஃபெனரோலி. 1775-ல் நேப்பிள்ஸில் அவருடைய விதிகள் சின்னப் புத்தகமாகவே அச்சானது. அவருடைய மாணவன் ஒருவனின் கதையைக் கேளுங்கள்.

பெயர் டொமெனிக்கோ சிமரோசா. 1749-ல் பிறந்தவன். அப்பா கொத்தனார். கபோடிமான்டே அரண்மனை கட்டும் வேலையில் இருந்தபோது சாரத்திலிருந்து விழுந்து செத்துப்போனார். அம்மா துணி வெளுத்துப் பிழைத்தவர். அந்தப் பையனை 1761-ல் லொரேட்டோ விடுதியில் சேர்த்துக்கொண்டார்கள். பதினோரு வருடங்கள் அங்கே இருந்தான். பிற்பாடு, ரஷ்யாவின் மகாராணி கேத்தரின் அரண்மனை இசைக் கலைஞராக அவனைக் கூப்பிட்டுக்கொண்டார். 1792-ல் வியன்னாவில் அரங்கேறிய ‘ரகசியத் திருமணம்’ என்ற அவனுடைய ஆபராவைப் பார்த்த சக்கரவர்த்தி இரண்டாம் லியோபோல்டு, எல்லோருக்கும் சாப்பாடு போட்டு, அன்று ராத்திரியே முழுசாக இன்னொரு தடவை நடத்தச் சொன்னார் என்பார்கள். அறுபதுக்கும் மேற்பட்ட ஆபராக்கள்! மேதை என்று ஊர் சொன்னது. இருக்கலாம். ஆனால் அந்த வேகம், விடியலுக்கு முன்பு எழுந்து பேரேட்டின் வலது பக்கத்தை நிரப்பிய விரல்களின் வேகம்.

அவசரப்பட்டு அந்த விடுதிகளுக்கு மாலை போட்டுவிடாதீர்கள். பர்னி பார்த்த அதே கட்டடத்தின் மாடியில், சளி பிடித்துவிடக்கூடாது என்று கதகதப்பான அறைகளில் 16 பையன்களைத் தனியாக வைத்திருந்தார்கள். குரல் உடையாமலிருக்க, சின்ன வயதிலேயே விதை நீக்கப்பட்ட ‘கஸ்த்ராத்தி’கள். இந்தக் கொடுமையை எங்கே செய்கிறார்கள் என்று பர்னி இத்தாலி முழுக்க விசாரித்தார். மிலனில் கேட்டால் வெனிஸ் என்றார்கள். வெனிஸில் பொலோன்யா. பொலோன்யாவில், ‘நாங்களா? சேச்சே! ஃப்ளாரன்ஸில் கேளுங்கள்.’ ஃப்ளாரன்ஸில் ரோம். ரோமில் நேப்பிள்ஸ். குற்றம் எப்போதும் பக்கத்து ஊரில்தானே நடக்கும்! அந்த இனிமைக்கு ஏழைப் பிள்ளைகள் கொடுத்த விலையையும் சேர்த்துத்தான் கணக்கு எழுதவேண்டும்.

இதற்கிடையே ஒரு புது வாத்தியம் வளர்ந்துகொண்டிருந்தது. 1700-வாக்கில் ஃப்ளாரன்ஸில் பார்த்தலோமியோ கிறிஸ்டோஃபோரி செய்த பியானோ. ஹார்ப்சிகார்டில் எப்படி அமுக்கினாலும் சத்தம் ஏறக்குறைய ஒன்றுதான். தந்தி மீட்டப்படுகிறது. பியானோவில் சுத்தியல் தட்டுகிறது. மெல்ல அமுக்கினால் மெல்ல, அழுத்தினால் பலமாக. அதாவது மெட்டை முன்னால் நிறுத்தி, கார்டைப் பின்னால் தள்ள முடியும்! இந்த வசதிக்கு ஏற்ற மாதிரி இன்னொரு உத்தியும் பரவியது. கார்டை ஒரே அமுக்காக அமுக்காமல், இடது கையில் ச-ப-க-ப என்று உடைத்து உருட்டுவது. டொமெனிக்கோ ஆல்பர்ட்டி என்ற வெனிஸ்காரர் இதை அதிகம் பயன்படுத்தியதால் ‘ஆல்பர்ட்டி பேஸ்’ என்று பெயர். 1788-ல் மொசார்ட் எழுதிய ‘சி மேஜர்’ சொனாட்டா இப்படித்தான் ஆரம்பிக்கிறது. பியானோ மாணவர்களின் தலைமுறைகளே அதை உருட்டித்தான் வளர்ந்தன.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. 19-ம் நூற்றாண்டில் பியானோ நடுத்தர வர்க்கத்து வீடுகளின் கூடத்துக்கு வந்துவிட்டது. அச்சடித்த இசைத் தாள்கள் கடையில் கிடைத்தன. இரண்டு கைக்கும் எல்லாம் எழுதியே இருந்தது. யார் மூளையைக் கசக்கிக்கொண்டு வலது பக்கத்தை நிரப்புவார்கள்? எழுதியதை வாசித்தால் போதும். நேப்பிள்ஸ் விடுதிகளும் ஒவ்வொன்றாக மூடி, ஒன்றோடு ஒன்று சேர்ந்து, கடைசியில் ஒரே கல்லூரியாகின. அது 1826-ல் குடிபுகுந்த இடம்தான் சான் பியெத்ரோ எ மயெல்லா. பார்ட்டிமெந்தோ தாள்கள் நூலகங்களில் தூங்கின. பார்த்தவர்களுக்கும் அவற்றின் மதிப்பு தெரியவில்லை. பாடத்தின் பாதிதானே தாளில் இருந்தது? மீதிப் பாதி, வாத்தியார் வாயிலும் பையன்கள் விரலிலும் இருந்தது. அவர்களோடு போய்விட்டது.

ராபர்ட் யெர்டிங்கன் 2007-லும், ஜார்ஜோ சாங்குவினெட்டி 2012-லும் எழுதிய புத்தகங்கள்தான் இந்த வித்தையைப் பரவலாக மீண்டும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தன. இப்போது பல ஊர்களில் மாணவர்கள் ஃபெனரோலியின் பாடங்களைத் தூசிதட்டி வாசிக்கிறார்கள்.

நீங்களும் வாசிக்கலாம். அந்த உறையைக் கழற்றுங்கள். சங்கராபரணத்து ஸ்வரங்கள் போதும். இடது கையில் ஒரே விரலால் ச, ம, ப, ச. வலது கையில் முறையே ச-க-ப, ம-த-ச, ப-நி-ரி, மறுபடி ச-க-ப. கார்டுக்குள் ஸ்வரங்களை எந்த வரிசையிலும் அடுக்கலாம். முதல் கார்டில் க, இரண்டாவதில் ம, மூன்றாவதில் ரி, கடைசியில் ச உச்சியில் வருகிற மாதிரி அடுக்கி மெதுவாக வாசியுங்கள். க, ம, ரி, ச. கேட்கிறதா? இப்போது ம-விலிருந்து ரி-க்குப் போகும் வழியில் க-வை லேசாகத் தொட்டுவிட்டுப் போங்கள். க, ம, க, ரி, ச.

யாரும் எழுதித் தராத ஒரு மெட்டு, கார்டுக்குள்ளிருந்தே எழுந்து வந்துவிட்டது. சின்னதுதான். ஆனால் உங்களுடையது.

அந்தக் கொத்தனார் மகனும் இப்படித்தான் ஒருநாள், இருட்டு விலகாத காலையில், கட்டிலில் உட்கார்ந்தபடி ஆரம்பித்திருப்பான்.