கல்முனைக் கரையின் காவற்பணி: எழுதப்படாத வரலாறு

இலங்கை முஸ்லிம்களின் படைப்பணி பற்றிய ஏட்டு வரலாறு பெரும்பாலும் மலாயரைச் சார்ந்ததேயாகும். அவர்கள் மிகுதியாகப் பணிபுரிந்த இலங்கைத் துப்பாக்கிப் படையணி 1873இற் கலைக்கப்பட்டது. கல்முனைக் கரைச் சோனகரின் அனுபவமோ வேறானது; அது தொலைநாட்டுப் போரன்று, ஊர்க்காவலே.

போர்த்துக்கேயர் 1626இல் வெளியேற்றிய முஸ்லிம்களுள் 4,000 பேரைக் கண்டி மன்னன் செனரத், இக்கரையையும் உள்ளடக்கிய மட்டக்களப்பு நாட்டில் அமர்த்தினான் என்பர். அதிற் காவல் நோக்கமும் இருந்ததெனக் கருதுவோர் உளர்.

1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் விடுதலைப் புலிகள் நிகழ்த்திய படுகொலைகளின் பின், முஸ்லிம் ஊர்களின் எல்லைகளில் ஊர்காவற்படையினர் இராக்காவல் புரிந்தனர். 2006இல் அப்படை சிவில் பாதுகாப்புத் திணைக்களமாக மாற்றியமைக்கப்பட்டது.

தம்மூரவர்க்கு அரணாகத் தோன்றிய அத்துப்பாக்கி, அயற் றமிழூரவர்க்கு அச்சமாயிற்று. அதே ஆகஸ்டில் வீரமுனையில் நிகழ்ந்த கொலைகள் தொடர்பில் ஊர்காவற்படையினர் மீதும் குற்றஞ்சாட்டப்பட்டமை ஈண்டு மறைக்கற்பாலதன்று.

படைவீரனுக்குப் பதிவேடேனும் உண்டு. ஊர்காவலனின் வரலாறோ வாய்மொழியிலேயே வாழ்கின்றது. அவன் கூற்றையும் அவனை அஞ்சியோர் கூற்றையும் ஒருங்கே தொகுப்பதே நடுநிலை ஆய்வாகும். அவர்கள் முதுமையெய்தி வருதலின், அப்பணி காலந்தாழ்த்தற்குரியதன்று.