ஜப்பானின் வானொலி உடற்பயிற்சி
'ராஜியோ தைசோ' எனும் காலைப் பயிற்சி 1928 நவம்பரில் ஜப்பானிய வானொலியில் தொடங்கியது. யோசனை அமெரிக்காவில் பிறந்தது. அங்கே மெட்ரோபாலிட்டன் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் 1925 முதல் இத்தகைய பயிற்சியை ஒலிபரப்பிவந்தது. பாலிசிதாரர் நெடுநாள் வாழ்ந்தால் நிறுவனத்துக்கு லாபம்; பரோபகாரம் மட்டுமல்ல. ஜப்பானின் அஞ்சல் ஆயுள் காப்பீட்டுத் துறை, பேரரசர் ஹிரோஹிதோவின் முடிசூட்டு விழாவை ஒட்டி அதைத் தன் நாட்டில் புகுத்தியது.

போர்க்காலத்தில் அது கூட்டுக் கட்டுப்பாட்டின் கருவியானது. போருக்குப் பின் நின்றுபோய், 1951இல் புதிய அசைவுகளுடன் திரும்பியது. பியானோ இசைக்கேற்ப 13 அசைவுகள், மூன்று நிமிடம்தான். கோடை விடுமுறையில் காலை 6.30 மணிக்குத் தூக்கக் கலக்கத்தோடு பூங்காவுக்கு வரும் பிள்ளைகள், கழுத்தில் தொங்கும் அட்டையில் நாளுக்கொரு முத்திரை வாங்குவார்கள். முத்திரைக்காகவே வருபவர்களும் உண்டு. 1952இல் உழைக்கும் வயதினருக்கென இரண்டாம் தொகுப்பும் வந்தது.