போய்க் கற்றவரும் வந்து கொடுத்தவரும்

மண்டகப்பட்டுக்கு வெளியூர்க்காரர்கள் புதிதல்ல. விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் சாலையில் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் வந்து சற்று உள்ளே திரும்பினால், பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் குடைவித்த கோயில் நிற்கிறது. செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் சேர்க்காமல் பிரம்மன், சிவன், திருமால் மூவருக்கும் எடுத்த கோயில் என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டே சொல்கிறது. அதைப் பார்க்க வருகிறவர்கள் கொஞ்ச நேரம் நின்று, வாயிற்காவலர் இருவரையும் படமெடுத்துக்கொண்டு, செஞ்சிக் கோட்டைக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். வந்தவர் அத்தனை சீக்கிரம் போனதால் கோயிலுக்கு எந்தக் குறையும் இல்லை.

ஆனால் வருகிறவர் சிகிச்சை தர வந்தால்? அக்குபங்சர் படித்த ஒருவர் ஐரோப்பாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ காசு வாங்காமல் ஊசி வைக்க இப்படி ஓர் ஊருக்கு வந்தால், அவர் போன பிறகு ஊரில் என்ன மிஞ்சும்? அப்படி எவரும் மண்டகப்பட்டுக்கு வந்ததாக நான் இங்கே சொல்ல வரவில்லை. உலகில் நடந்த இரண்டு வகைத் தொண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இந்த ஊரின் பக்கமிருந்து பார்க்க விரும்புகிறேன். ஒன்று, 1938இல் இந்தியாவிலிருந்து சீனாவுக்குப் போனவர்களுடையது. மற்றொன்று, இந்த நூற்றாண்டில் மேற்கு நாடுகளிலிருந்து மும்பைக்கும் நேபாளத்துக்கும் வந்தவர்களுடையது.

முதலில் ஊரின் வலி. இந்தப் பக்கத்துப் பெண்களின் உடம்பில் வருடத்தின் எல்லா வேலையும் ஏறியிருக்கும்: நடவு, களையெடுப்பு, மல்லாட்டை பிடுங்குதல், கரும்புக் கொல்லை, நூறு நாள் வேலை. நாற்பது வயதுக்குள் இடுப்பு, ஐம்பதுக்குள் முழங்கால். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்வந்தால் ஒரு நாள் கூலி போயிற்று. அதனால் மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மறுநாளும் சேற்றில் இறங்குகிறார்கள். வருடக்கணக்கில் அப்படிப் போடும் மாத்திரை வயிற்றையும் சிறுநீரகத்தையும் என்ன செய்யும் என்பது மருத்துவர்கள் எல்லோருக்கும் தெரியும். மாத்திரையைக் குறைத்து வலியைக் குறைக்க ஒரு வழி இருக்குமானால், அதை இந்த ஊருக்குக் கொண்டுவருவது பெரிய காரியம்தான். அக்குபங்சர் தொண்டைப் பற்றி நான் அக்கறையோடு யோசிப்பது இந்தக் காரணத்தால்.

இனி சீனாவுக்குப் போனவர்கள். ஜப்பானியப் படையெடுப்பின்போது சீனத் தளபதி ஜூ தே, மருத்துவர்களை அனுப்பும்படி நேருவுக்கு எழுதினார். சுபாஷ் சந்திர போஸ் காங்கிரஸ் தலைவராக இருந்த 1938 செப்டம்பரில் ஐந்து மருத்துவர்கள் பம்பாயிலிருந்து கப்பலேறினார்கள். அடல் தலைவர், சோல்கர், முகர்ஜி, கோட்னிஸ், பிஜய் குமார் பாசு மற்ற நால்வர். 1939 தொடக்கத்தில் அவர்கள் கம்யூனிஸ்ட் படையின் தளமான யெனான் சேர்ந்தார்கள். மூவர் முன்னதாகவே திரும்பினார்கள். கோட்னிஸும் பாசுவும் தங்கினார்கள். சோலாப்பூரில் பிறந்த துவாரகநாத் கோட்னிஸ் சீன மொழி கற்றார், அங்கேயே திருமணம் செய்துகொண்டார், 1941இல் கனடா மருத்துவர் பெத்யூன் பெயரிலான போர்க்கள மருத்துவமனைக்குத் தலைமை ஏற்றார், அங்குள்ள மாணவர்களுக்கு வகுப்பு எடுத்தார். 1942 டிசம்பர் 9 அன்று வலிப்பு நோயால் இறந்தபோது அவருக்கு வயது 32. மகன் பிறந்து சில மாதங்களே ஆகியிருந்தன.

கோட்னிஸின் கதையை இந்தியா அறியும். இயக்குநர் சாந்தாராம் 1946இல் படமே எடுத்தார். பாசுவின் கதை அந்த நிழலில் மறைந்துவிட்டது. அக்குபங்சர் நம் நாட்டுக்கு வந்த வழியோ பாசுவின் வழி. அவர்கள் ஐவரும் போகும்போது அக்குபங்சர்காரர்கள் அல்ல. கத்தியும் கட்டுத்துணியுமாகப் போன நவீன மருத்துவர்கள். பாசு 1943இல் கல்கத்தா திரும்பினார். சீனத்தோடு தொட்ட உறவை விடாமல் 1950களின் இறுதியில் மறுபடியும் போனார். இந்த முறை மாணவராக. அங்கே அக்குபங்சர் கற்று, 1959இல் கல்கத்தாவில் நோயாளிகளுக்கு ஊசி வைக்கத் தொடங்கினார். இந்தியாவில் இந்தச் சிகிச்சையின் முன்னோடி என்று இன்றும் அவரைத்தான் சொல்கிறார்கள். 1970களில் கோட்னிஸ் நினைவுக் குழு இலவச அக்குபங்சர் மையங்களை நடத்தியது. 1996இல் மேற்கு வங்கம் இந்தச் சிகிச்சைக்கென்றே சட்டம் இயற்றியது. மத்திய சுகாதார அமைச்சகம் இதைத் தனி முறையாக ஏற்றது 2019 பிப்ரவரியில்.

இரண்டாவது தொண்டுக்கு இத்தனை நீண்ட வரலாறு இல்லை. பெல்ஜியத்துக்காரரான வால்டர் ஃபிஷர் 2008இல் மும்பையின் குடிசைப் பகுதியில் 'பேர்ஃபுட் அக்குபங்சரிஸ்ட்ஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார். நேபாளத்தில் மக்வான்பூர் மாவட்டத்து பஜ்ரபாராஹியில் அமெரிக்க அமைப்பான 'அக்குபங்சர் ரிலீஃப் புராஜெக்ட்' மையம் நடத்தியது. இவற்றில் வெளிநாட்டு நிபுணர்கள் தங்கள் செலவில் வந்து, சில வாரங்கள் தங்கி, மொழிபெயர்ப்பாளர் துணையோடு நாள் முழுதும் நோயாளிகளைப் பார்த்தார்கள். விடுமுறையைக் கொடுத்து, கைக்காசைக் கொடுத்து, முன்பின் தெரியாத ஒரு கிழவியின் காலடியில் உட்கார்ந்து கணுக்காலில் ஊசி வைக்கிறவரின் மனத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். யெனானுக்குப் போனவர்களுக்கும் இவர்களுக்கும் உள்ள வேறுபாட்டை மனத்தின் அளவில் தேடினால் கிடைக்காது.

நோயின் இயல்பில் தேட வேண்டும். கோட்னிஸ் முன் கிடத்தப்பட்டவர்கள் குண்டடி பட்டவர்கள். குண்டை எடுத்து, காயத்தைத் தைத்து, சீழ் பிடிக்காமல் காத்துவிட்டால் அந்தச் சிகிச்சைக்கு ஒரு முடிவு உண்டு. மண்டகப்பட்டின் முழங்காலுக்கு அப்படி ஒரு முடிவு கிடையாது. தை மாதம் வலி குறைந்தாலும் அடுத்த நடவில் திரும்பி வரும், ஏனென்றால் வேலை திரும்பி வருகிறது. நாள்பட்ட வலிக்கு அக்குபங்சர் தருகிறவர்கள் வழக்கமாக வாரம் ஒன்றிரண்டு முறை என்று எட்டு, பத்து, பன்னிரண்டு அமர்வுகள் வைக்கிறார்கள். இந்தியச் சுற்றுலா விசாவிலோ, சம்பளமில்லாத குறுகிய காலத் தொண்டுக்கு அதிகபட்சம் ஒரு மாதம்தான் இடமுண்டு. வாரம் ஒருமுறை வரும் நோயாளிக்கு நான்கு அமர்வு ஆனதுமே ஊசி வைத்தவர் விமானம் ஏற வேண்டியிருக்கும். நாற்று நடும் பெண் வாரம் இருமுறை வந்து உட்காருவதும் நடக்காத காரியம். ஆக, குறுகிய காலத் தொண்டரால் இந்த ஊரில் ஒரு சிகிச்சையைத் தொடங்க முடியும், முடிக்க முடியாது. எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

அடுத்தது, யாருக்குப் பதில் சொல்வது என்பது. 1938இல் போனவர்கள் அழைக்கப்பட்டுப் போனவர்கள். அங்கே ஒரு படை இருந்தது, அதற்கு மருத்துவத் துறை இருந்தது, எங்கே போ, என்ன செய் என்று சொல்ல மேலதிகாரி இருந்தார். தவறு நடந்தால் கேட்க ஆள் உண்டு. இன்று வருகிறவர் தன் நாட்டில் நன்கொடை திரட்டிய அமைப்புக்குக் கணக்குக் காட்டுகிறார். இங்குள்ள ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்கு அவர் வந்ததே தெரியாமல் போகலாம். ஊசி சிறியதென்றாலும் விஷயம் சிறியதல்ல. பயன்படுத்திய ஊசியைத் திரும்பப் பயன்படுத்தினால் மஞ்சள் காமாலைக் கிருமி ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போகும். மார்பிலும் மேல்முதுகிலும் ஆழமாகக் குத்தினால் நுரையீரல் உறையில் காற்றுப் புகும். அரிதுதான், ஆனால் நடந்திருக்கிறது. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசி, துளைபடாத பெட்டி, அதை எடுத்துப்போக முறையான ஏற்பாடு ஆகிய மூன்றும் இல்லாத இடத்தில் எவ்வளவு பெரிய நிபுணரும் ஊசியை எடுக்கக் கூடாது என்பதே என் எண்ணம்.

மொழி மூன்றாவது. கோட்னிஸ் சீனம் பேசினார். மும்பையிலும் பஜ்ரபாராஹியிலும் பெரும்பாலும் இடையில் ஒருவர் நின்று பேசினார். "கால் எரியுது" என்று ஒரு பாட்டி சொன்னால் அது மூட்டுத் தேய்மானமா, சர்க்கரை நோயால் நரம்பு கெட்டதா என்று பிரித்தறிய இன்னும் பத்துக் கேள்வி கேட்க வேண்டும்: எப்போது எரிகிறது, செருப்புக் கழன்றது தெரிகிறதா, மாத்திரையை விடாமல் போடுகிறாளா. மொழிபெயர்ப்பவர் அவசரத்தில் அதை "கால் வலி" என்று சுருக்கிச் சொன்னால் ஊசி முழங்காலுக்குப் போய்விடும், சர்க்கரை அப்படியே இருக்கும். தமிழ்நாட்டில் இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் உண்டு. ஊசி வைத்தால் போதும், சர்க்கரை மாத்திரையையும் ரத்தக் கொதிப்பு மாத்திரையையும் நிறுத்திவிடு என்று சொல்லும் கூட்டம் இங்கேயே இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்தவர் அப்படிச் சொல்லாவிட்டாலும், அவர் பெயரைச் சொல்லி வேறு யாரோ சொல்ல இடம் கிடைத்துவிடும்.

அக்குபங்சர் எவ்வளவு தாங்கும் என்பதையும் நேராகச் சொல்லிவிட வேண்டும். 39 ஆய்வுகளைச் சேர்ந்த ஏறக்குறைய 20,800 நோயாளிகளின் விவரங்களை ஒன்றுசேர்த்து 2018இல் வெளியான அலசலில், முதுகு, கழுத்து, முழங்கால், தோள், தலை ஆகியவற்றின் நாள்பட்ட வலிக்கு அக்குபங்சர் பலன் தந்தது. பொய் ஊசி வைத்தவர்களோடு ஒப்பிட்டபோது அந்தப் பலன் சிறியது. எதுவுமே வைக்காதவர்களோடு ஒப்பிட்டபோது கூடுதல். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல் வகுக்கும் நைஸ் அமைப்பு 2021இல், வேறு நோயால் விளக்க முடியாத நாள்பட்ட வலிக்கு இதைப் பரிசீலிக்கலாம் என்றது, 2022இல் மூட்டுத் தேய்மானத்துக்குத் தர வேண்டாம் என்றது. ஆகவே இது வலிக்கான துணைச் சிகிச்சை. அந்த அளவோடு நின்றால் மண்டகப்பட்டுக்கு உதவும். அதைத் தாண்டி வாக்குக் கொடுக்கிறவரை ஊர் நம்பக் கூடாது.

இரண்டு தொண்டுகளையும் வைத்துப் பார்க்கையில் என்னை அதிகம் நிறுத்துவது பாசுவின் இரண்டாம் பயணம். அவர் கொடுத்துவிட்டு வந்த இடத்துக்கே கற்கப் போனார். முதல் பயணத்தில் கொடுத்த ஐந்து ஆண்டுகள் இல்லாவிட்டால் அந்தக் கதவு அவருக்குத் திறந்திருக்குமா என்பது சந்தேகம். கற்றதை ஊருக்குக் கொண்டுவந்தார், மற்ற மருத்துவர்கள் அவரிடம் கற்றார்கள். போன இடத்தைவிட விட்டுப்போன இடத்துக்கு அதிகம் கிடைத்தது. வெளிநாட்டுத் தொண்டைப் பற்றிய பேச்சில் இந்தத் திசை வருவதே இல்லை. தொண்டர் என்ன கொண்டுபோனார் என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள்.

குறுகிய காலத் தொண்டு செய்தவர்களும் இந்த இடத்துக்கு வேறு வழியாக வந்திருக்கிறார்கள். மும்பையில் உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அமெரிக்காவிலிருந்து உகாண்டாவுக்குப் போன 'பான் ஆப்பிரிக்கன் அக்குபங்சர் புராஜெக்ட்' இன்னும் தெளிவாக இருந்தது: நோயாளிகளைத் தாமே பார்த்துக்கொண்டிருப்பதை விட்டு, உகாண்டாவின் செவிலியர்களுக்கும் சுகாதாரப் பணியாளர்களுக்கும் ஊசி வைக்கக் கற்றுக்கொடுப்பதையே வேலையாக வைத்துக்கொண்டது. ஒரு மாதம் என்பது ஒரு முழங்காலைக் குணப்படுத்தப் போதாது. ஏற்கெனவே உடற்கூறு தெரிந்த ஒருவருக்கு முழங்காலுக்கும் இடுப்புக்கும் உரிய சில புள்ளிகளையும், பாதுகாப்பான ஆழத்தையும், யாரைத் தொடாமல் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுக்க அது ஒரு நல்ல தொடக்கம்.

இந்த மாவட்டத்தில் அப்படிக் கற்கக்கூடிய ஆட்கள் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து எடுத்த பெண்கள் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரைகளை வீடுவீடாகக் கொண்டுதருகிறார்கள். இயற்கை மருத்துவப் பட்டப்படிப்பில் அக்குபங்சர் ஒரு பாடமாகவே இருக்கிறது. எந்தப் பாட்டி மாத்திரையை ஒளித்துவைக்கிறாள், எந்த வீட்டில் மருமகள் தூக்கிவிட்டால்தான் மாமியார் எழுந்திருக்கிறாள் என்பதெல்லாம் இந்தப் பெண்களுக்குத் தெரியும். இயன்முறை மருத்துவருக்கோ இயற்கை மருத்துவருக்கோ ஊசியும், கூடப் போகும் பெண்ணுக்கு வலிக் கணக்கு எழுதும் நோட்டும் கொடுத்தால், சிகிச்சை நடவோடும் அறுப்போடும் சேர்ந்து ஓட முடியும். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் அந்த நோட்டைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வர விரும்புகிறவரிடம் இந்த ஊர் கேட்க வேண்டியவை இதிலிருந்தே வரும். யார் அழைத்து வருகிறீர்கள், எந்த மருத்துவரின் பொறுப்பில் வேலை செய்வீர்கள், உங்களுக்குப் பின் அடுத்த மாதம் இதே நோயாளியை யார் பார்ப்பார், யாருக்குக் கற்றுக்கொடுப்பீர்கள், எங்களிடம் எதைக் கற்றுக்கொண்டு போவீர்கள். ஆரோவில் 1968 முதல் இதே மாவட்டத்தில் இருக்கிறது. வந்து தங்கித் தமிழ் பேசிப் பழகிய வெளிநாட்டவரை இந்தப் பக்கம் பார்த்திருக்கிறது. அதனால் இந்தக் கேள்விகளைக் கேட்க யாரும் கூச வேண்டியதில்லை.

பணத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். ஐரோப்பாவிலிருந்து ஒருவர் வந்துபோகும் விமானச் செலவு, வீடுவீடாக மாத்திரை கொண்டுதரும் பெண் ஒருத்தியின் பல மாத ஊதியம். நான்கு தொண்டர்கள் வருவதற்குப் பதில் ஒருவர் கற்றுக்கொடுக்க வந்து, மற்ற மூவரின் பயணச் செலவை இந்தப் பெண்ணின் சம்பளத்துக்கும் ஊசிக்கும் ஊசிப் பெட்டிக்கும் தந்தால், மண்டகப்பட்டில் ஒரு வருடம் தடையில்லாமல் சிகிச்சை நடக்கும். வராமல் பணம் அனுப்ப அந்த மூவரும் சம்மதிப்பார்களா என்று அவர்களை அனுப்பும் அமைப்புகள் முதலில் கேட்டுப் பார்க்க வேண்டும்.