பாலத்துச் சுவரில் கிறுக்கிய ஐ, ஜே, கே

ரெண்டு வாரமாக ஒரு விஷயம் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. எழுதி இறக்கி வைத்துவிடலாம் என்றுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், கொஞ்சம் கணக்கு. கணக்கு என்றதும் ஓடிவிடாதீர்கள், பெருக்கல் தெரிந்தால் போதும் :-)

இங்கே டப்ளினில் ஆராய்ச்சி மாணவனாக இருப்பதோடு, முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு டுடோரியல் எடுக்கும் வேலையும் எனக்கு ஒட்டிக்கொண்டு வந்தது. வெக்டர், மேட்ரிக்ஸ், கால்குலஸ் மூன்றும் சேர்ந்த கணிதப் பாடம். ப்ளஸ் டூவில் இருநூறுக்கு இருநூறு வாங்கினவன் இல்லையா, இதெல்லாம் ஜுஜுபி என்ற நினைப்பில்தான் வகுப்புக்குள் போனேன்.

வெக்டர் ஆரம்பித்த அன்று போர்டில் 2 ஐ + 3 ஜே என்று எழுதினேன். பின்வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். "போன வாரம் மைனஸ் ஒன்றின் வர்க்கமூலத்துக்கு ஐ என்று எழுதினோம். இந்த ஐ-யும் அந்த ஐ-யும் ஒன்றா?"

"இல்லை இல்லை, எழுத்து தற்செயலாக ஒன்றாக அமைந்துவிட்டது. குழப்பிக்கொள்ள வேண்டாம்" என்றேன்.

விடவில்லை. "எண்களுக்கு ஒரே பெருக்கல்தான். வெக்டருக்கு மட்டும் எதற்கு டாட் ஒன்று, கிராஸ் ஒன்று என்று ரெண்டு?"

"அது வரையறை. அப்படித்தான். பரீட்சைக்கு வராது."

சொல்லி வாயை மூடிய பிறகுதான் சுரீர் என்றது. ஊரில் நான் முதலாமாண்டு படித்தபோது இதே மாதிரி ஏதோ கேட்டதற்கு எனக்குக் கிடைத்த பதிலும் அட்சரம் பிசகாமல் இதுதான். அன்றைக்கு உட்கார்ந்தவன்தான், அதற்கப்புறம் நாலு வருஷமும் வகுப்பில் எழுந்து எதையும் கேட்டதில்லை. அடுத்த வாரம் பார்த்தால், அந்தப் பெண்ணும் கையைத் தூக்கவில்லை.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். நான் அடித்துவிட்ட ரெண்டு பதிலுமே தப்பு. இதில் கொடுமை என்னவென்றால், சரியான பதில் என் வீட்டிலிருந்து டிராம் ஏறினால் கடைசி நிறுத்தத்தில் இருக்கிறது.

*

நிறுத்தத்தின் பெயர் புரூம்பிரிட்ஜ். ராயல் கால்வாயின் மேல் ஒரு பழைய கல் பாலம். பக்கத்தில் ரயில் நிலையம், சுவர்களில் பெயின்ட் கிறுக்கல்கள். பாலத்தின் அடியில், கால்வாயை ஒட்டிய நடைபாதைப் பக்கம், சுவரில் ஒரு கல்வெட்டு. 1958-ல் டி வலேரா திறந்துவைத்தது. அவரும் ஒரு காலத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர்தான்.

கதை இதுதான். வில்லியம் ரோவன் ஹாமில்டன், 1805-ல் டப்ளினில் பிறந்தவர். படிப்பை முடிப்பதற்கு முன்னாடியே, 1827-ல், வானியல் பேராசிரியர் ஆக்கிவிட்டார்கள். ஊருக்கு வெளியே டன்சிங்க் வானாய்வகத்தில் குடியிருப்பு. கலப்பெண்களை ரெண்டு எண்களின் ஜோடியாகவே எழுதிவிடலாம் என்று 1833-ல் காட்டினார். ஜோடியை வைத்து ஒரு தளத்தில் சுழற்சியைச் சொல்ல முடிகிறது. நாம் வாழும் வெளிக்கு மூன்று திசை இருக்கிறதே, மூன்று எண்களை வைத்து அதே வித்தையைச் செய்ய முடியாதா? இதுதான் அவரைப் பிடித்த பிசாசு.

கூட்டல், கழித்தல் சுலபமாக வந்தது. பெருக்கல் வரவே இல்லை. பத்து வருஷத்துக்கும் மேல் வரவில்லை. 1843 அக்டோபரில் தினமும் காலைச் சாப்பாட்டுக்கு இறங்கி வரும்போது, அப்பாவுக்கு மும்மைகளைப் பெருக்க வந்துவிட்டதா என்று பிள்ளைகள் கேட்பார்களாம். கூட்டவும் கழிக்கவும் மட்டும்தான் தெரியும் என்று இவர் தலையை ஆட்டுவாராம். கடைசிக் காலத்தில் மகனுக்கு எழுதிய கடிதத்தில் இதைச் சொல்லியிருக்கிறார்.

1843 அக்டோபர் 16, திங்கட்கிழமை. ராயல் ஐரிஷ் அகாடமியில் ஒரு கூட்டத்துக்காக, மனைவியோடு கால்வாய்க் கரையில் நடந்து வருகிறார். இந்தப் பாலத்துக்கிட்டே பொறி தட்டியது. மூன்று எண் போதாது, நாலு வேண்டும். அதோடு, எதை முதலில் வைத்துப் பெருக்குகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறலாம் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். சட்டைப்பையிலிருந்து கத்தியை எடுத்து அங்கேயே பாலத்துக் கல்லில் சூத்திரத்தைக் கீறிவிட்டார். ஐ, ஜே, கே மூன்றில் எதை வர்க்கப்படுத்தினாலும் −1, மூன்றையும் அதே வரிசையில் பெருக்கினாலும் −1. அவர் கீறியது எப்போதோ அழிந்துபோய்விட்டது. கல்வெட்டு மட்டும் இருக்கிறது. இதற்கு அவர் வைத்த பெயர் குவாட்டர்னியன்.

மூன்றை நாலிடம் நாலை மூன்றிடம் இடம் மாற்றிப் பெருக்கினாலும் பன்னிரண்டுதான். இது நமக்கு வாய்ப்பாட்டோடு ஊறியது. அதைக் கைவிட ஒருத்தர் பத்து வருஷம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. நான் போர்டில் பத்து நொடியில் எழுதிவிட்டுப் போய்விட்டேன்.

இப்போ ஒரு சின்னக் கணக்கு. (2 ஐ + 3 ஜே) என்பதை (4 ஐ + 5 ஜே) என்பதால், பள்ளிக்கூடத்தில் அடைப்புக்குறிகளைப் பெருக்கினோமே, அப்படியே பெருக்குங்கள். ஹாமில்டன் விதிப்படி ஐ-யை ஐ-யால் பெருக்கினால் −1. ஜே-க்கும் அப்படியே. ஐ முதலில், ஜே அடுத்து என்றால் கே. திருப்பிப் போட்டால் −கே.

2 × 4: ஐ-யும் ஐ-யும் சேர்வதால் −8
2 × 5: ஐ முதலில், அதனால் +10 கே
3 × 4: ஜே முதலில், அதனால் −12 கே
3 × 5: ஜே-யும் ஜே-யும் சேர்வதால் −15

கூட்டினால் −23, அதோடு −2 கே.

இப்போ பாடப்புத்தகத்தைத் திறந்து இதே ரெண்டுக்கும் டாட் ப்ராடக்ட் போடுங்கள்: 8 + 15 = 23. கிராஸ் ப்ராடக்ட் போடுங்கள்: (10 − 12) கே, அதாவது −2 கே. ரெண்டும் ஒரே விடைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது! ஒரே ஒரு மைனஸ்தான் வித்தியாசம்.

ஆக, வெக்டருக்கு ரெண்டு பெருக்கல் என்று யாரும் மேலேயிருந்து வரையறுத்துக் கொடுக்கவில்லை. இருந்தது ஒரே பெருக்கல். அதை ரெண்டாகப் பிய்த்தெடுத்தார்கள்.

*

பிய்த்தது யார்? ஒருவர் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் கிப்ஸ். இன்னொருவர் இங்கிலாந்தில் ஹெவிசைட், பதினாறு வயதோடு பள்ளியை விட்டுவிட்டுத் தந்தி ஆபீஸில் வேலை பார்த்தவர், கணக்கெல்லாம் தானாகவே படித்துக்கொண்டது. ரெண்டு பேருமே மேக்ஸ்வெல்லின் 1873 மின்காந்தவியல் புத்தகத்தைப் படித்துவிட்டு, ஒருவரை ஒருவர் அறியாமலே ஒரே முடிவுக்கு வந்தார்கள்: இயற்பியலுக்கு நாலு எண்ணும் சேர்ந்த மூட்டை வேண்டியதில்லை, ரெண்டு துண்டும் தனித்தனியாகவே வேலைக்கு ஆகும். ஒரு வேகத்தை வர்க்கப்படுத்தினால் மைனஸில் வருகிறதே என்ற தொல்லையும் ஒழியும். கிப்ஸ் தன் மாணவர்களுக்காக 1881-லும் 1884-லும் சொந்தமாக அச்சடித்துக் கொடுத்த குறிப்புகளில் புள்ளியும் பெருக்கல் குறியும் வந்துவிட்டன. மேக்ஸ்வெல் 1865-ல் இருபது சமன்பாடாக எழுதியதை ஹெவிசைட் நாலாகச் சுருக்கினார். நாம் படிக்கும் மேக்ஸ்வெல் சமன்பாடுகள் அவர் கைவண்ணம்தான்.

ஹாமில்டன் கட்சிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? எடின்பரோவின் டெய்ட், கிப்ஸின் முறையை அரைகுறைப் பிறவி என்கிற தோரணையில் 1890-ல் திட்டித் தீர்த்தார். நேச்சர் இதழில் வருஷக்கணக்கில் சண்டை. நம்ம பின்னூட்டச் சண்டை எல்லாம் பிச்சை வாங்கணும் :-) கடைசியில் கிப்ஸின் வகுப்புகளை வைத்து எட்வின் வில்சன் என்ற இருபத்திரண்டு வயதுப் பையன் 1901-ல் ஒரு பாடப்புத்தகம் எழுதினான். புத்தகம் ஜெயித்தது, குவாட்டர்னியன் தோற்றது. ஆனால் எழுத்துகளை யாரும் மாற்றவில்லை. மைனஸ் ஒன்று என்கிற விதி போய்விட்டது, அதன் ஐ, ஜே, கே மட்டும் புத்தகத்திலேயே தங்கிவிட்டது. தற்செயல் என்று நான் சொன்னேனே, அந்த லட்சணம் இதுதான்.

(தோற்ற குவாட்டர்னியன் சும்மா இல்லை. விண்கலத்தைத் திருப்பவும், கம்ப்யூட்டர் கேமில் பொம்மையைச் சுழற்றவும் இன்றைக்கு அதைத்தான் கூப்பிடுகிறார்கள்.)

இதையெல்லாம் என் அறைத்தோழனிடம் அளந்துகொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்துக்காரன், தமிழ் மீடியம். "நாங்கள் வெக்டர் எண்டு படிக்கேல்லை மச்சான், காவி எண்டுதான் படிச்சனாங்கள்" என்றான். காவுதல் என்றால் சுமந்து செல்வது. ஹாமில்டன் எடுத்துக்கொண்ட லத்தீன் சொல்லுக்கும் அதேதான் பொருள். ப்ளஸ் டூ முழுக்க இங்கிலீஷில் உருப்போட்ட எனக்கு அந்தச் சொல்லில் ஒரு பொருள் இருக்கிறது என்பதே அன்றுதான் தெரியும்.

"அப்ப மேட்ரிக்ஸ்?"

"தாயம்."

தாயக்கட்டையா என்று சிரித்தேன். ஆனால் அதையும் தேடிப் பார்த்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. மேட்ரிக்ஸ் என்ற லத்தீன் சொல்லுக்குக் கருப்பை என்று பொருள். 1850-ல் அந்தப் பெயரை வைத்தவர் சில்வெஸ்டர். காரணம், அந்த எண் கட்டத்துக்குள்ளிருந்துதான் டிடர்மினன்ட்கள் பிறக்கின்றனவாம். பாடத்தில் முதலில் மேட்ரிக்ஸ், அப்புறம் டிடர்மினன்ட். வரலாற்றிலோ பிள்ளைதான் முதலில். ஜப்பானில் செகி 1683-லும், ஜெர்மனியில் லைப்னிட்ஸ் 1693-லும் டிடர்மினன்ட்டைத் தொட்டுவிட்டார்கள். தாய்க்குப் பெயர் கிடைக்க அதற்கப்புறம் நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

சில்வெஸ்டர் கதையிலும் டப்ளின் வருகிறது. 1837-ல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் ரெண்டாவது இடம். ஆனால் பட்டம் தரவில்லை. யூதர் அவர், ஆங்கிலிக்கன் சபையின் கொள்கைகளை ஏற்றுக் கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டார். 1841-ல் அவருக்குப் பட்டம் கொடுத்தது டப்ளின் டிரினிட்டி. அவருடைய நண்பர் கேய்லி, பதினாலு வருஷம் வக்கீல் தொழில் பார்த்துக்கொண்டே கணிதக் கட்டுரைகள் எழுதியவர். 1848-ல் டப்ளின் வந்து ஹாமில்டனின் விரிவுரைகளைக் கேட்டிருக்கிறார். அவர் 1858-ல் எழுதிய கட்டுரையில்தான் மேட்ரிக்ஸ்களைக் கூட்டி, பெருக்கி, ஒரு எண் மாதிரி நடத்தும் முறை முழுசாக வருகிறது. அங்கேயும் இடம் மாற்றிப் பெருக்கினால் விடை மாறும்.

கேய்லி-ஹாமில்டன் தேற்றம் ஞாபகமிருக்கா? ஊரில் எஞ்சினியரிங் படித்தவர்கள் மறக்கவே முடியாத 16 மார்க். மூன்றுக்கு மூன்று மேட்ரிக்ஸ் ஒன்றைக் கொடுத்து, சரிபார்க்கச் சொல்வார்கள். கேய்லி செய்ததும் அதுதான்! ரெண்டுக்கு ரெண்டை எழுதிக் காட்டினார், மூன்றுக்கு மூன்றையும் சரிபார்த்துவிட்டேன் என்றார், பொதுவாக நிரூபிக்கும் சிரமம் தேவையில்லை என்று நிறுத்திக்கொண்டார். முழு நிரூபணம் 1878-ல் ஃப்ரோபீனியஸிடமிருந்துதான் வந்தது.

*

மிச்சமிருப்பது கால்குலஸ். இதில் எனக்கு ஆகாதது லிமிட், அந்த எப்சிலான், டெல்டா சமாச்சாரம். பாடத்தில் முதல் அத்தியாயமே அதுதான். ஆனால் நியூட்டன் 1660-களில் கண்டுபிடித்தபோதும், லைப்னிட்ஸ் 1684-ல் வெளியிட்டபோதும் அது கிடையாது. (கேரளத்து மாதவன் அவர்களுக்கும் ரெண்டு நூற்றாண்டு முன்னாடியே முடிவிலாத் தொடர்களைப் பிடித்தவர். அவருக்குத் தனிப் பதிவே போடணும்.) அவர்கள் செய்தது என்ன? ஒரு குட்டி அளவை எடுத்துக்கொள், அதால் வகு, வகுத்து முடித்ததும் அதைச் சைபர் என்று தூக்கிப் போடு. விடை சரியாக வரும்.

சைபர் இல்லை என்றால்தானே வகுக்க முடியும்? அப்புறம் எப்படிச் சைபர் என்று தூக்கிப் போடுவீர்கள்? 1734-ல் இப்படிக் கேட்டவர் பெர்க்லி. அதே டிரினிட்டியில் படித்தவர், அதே வருஷம் கார்க் பக்கம் குளோயினில் பிஷப் ஆனவர். இந்தக் குட்டி அளவுகள் என்ன ஆவியா என்று அவர் அடித்த நக்கலுக்கு முழுப் பதில் வருவதற்குள் ஒரு நூற்றாண்டே ஓடிவிட்டது. 1821-ல் கோஷி லிமிட்டை அஸ்திவாரமாக வைத்தார். 1860-களில் வையர்ஸ்ட்ராஸ் பெர்லின் வகுப்புகளில் எப்சிலான், டெல்டாவை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். நாம் முதல் நாளே படிக்கும் வரையறை, ஒரு பாதிரியாரின் குறுக்குக் கேள்விக்கு நூறு வருஷம் கழித்து எழுதிய விடை. கேள்வியை மட்டும் புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். நமக்குப் புரியாமல் போனதில் ஆச்சரியம் என்ன?

*

போன செவ்வாய்க்கிழமை டுடோரியல். உள்ளே போனதும், "ரெண்டு வாரம் முன்னாடி நான் சொன்னது தப்பு" என்று ஆரம்பித்தேன். சொல்வதற்குள் நாக்கு உலர்ந்துவிட்டது. பாலத்துக் கதையைச் சொல்லி, மேலே போட்ட அதே பெருக்கலைப் போர்டில் போட்டேன். −23, −2 கே. வகுப்பில் பாதிப் பேர் அந்தப் பாலம் வழியாகத்தான் தினமும் வருகிறார்கள், ஒருத்தருக்கும் தெரியவில்லை.

பின்வரிசையிலிருந்து கை மேலே வந்தது. "ரெண்டு எண்ணுக்கு முடிந்தது, நாலுக்கும் முடிந்தது. மூன்றுக்கு மட்டும் ஏன் முடியவில்லை?"

ஒரு நிமிஷம் ஙே என்று முழித்தேன். பழைய பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. முழுங்கிவிட்டு, "தெரியாது. அடுத்த வாரம் சொல்கிறேன்" என்றேன்.

அந்த நிரூபணமும் அதே ஃப்ரோபீனியஸ் செய்ததுதானாம், 1870-களின் கடைசியில். அவர் கட்டுரையின் விளக்கத்தைப் பிரிண்ட் எடுத்து மேஜையில் வைத்திருக்கிறேன். மூன்று பக்கம் தாண்டியாச்சு. இன்னும் புரியவில்லை. செவ்வாய்க்கிழமைக்கு நாலு நாள் இருக்கிறது.