நூலகத்தில் ஒரு வாக்கெடுப்பு: வாக்குச்சீட்டை வாசிக்கப் பழகுவோம்

பிரதேச சபை என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது குப்பை வண்டியும் வீதி விளக்கும் சந்தையும்தான். ஊரின் பொது நூலகமும் அதே சபையின் பொறுப்பில்தான் இருக்கிறது. புதிய நூல்களுக்கு எவ்வளவு பணம் ஒதுக்குவது, எத்தனை பேரை வேலைக்கு வைத்திருப்பது போன்ற முடிவுகள் நாம் வாக்களித்து அனுப்பும் உறுப்பினர்களின் சபையிலேயே எடுக்கப்படுகின்றன. அதனால்தான் சனநாயகம் பற்றிப் பேசுவதற்கு ஊரில் மிகப் பொருத்தமான இடம் நூலகம் என்று நினைக்கிறேன்.

ஒக்டோபர் மாதம் தேசிய வாசிப்பு மாதம். நூலகங்களில் பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, புத்தகக் கண்காட்சி என்பன வழமையாக நடக்கும். 2024இல் அந்த மாதம், செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலுக்கும் நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலுக்கும் நடுவில் வந்தது. எங்கள் வாசகர் வட்டம் அந்த முறை வாக்குச்சீட்டையே வாசிப்புக்கு எடுத்துக்கொண்டது.

அதற்குத் தேவை இருந்தது. அந்த ஜனாதிபதித் தேர்தலில் நாடு முழுவதும் நிராகரிக்கப்பட்ட வாக்குகள் 300,300. எட்டு வாரங்களுக்குள் நடந்த பாராளுமன்றத் தேர்தலில், வாக்களித்தவர்கள் குறைந்திருந்தும், அந்த எண்ணிக்கை 667,240 ஆனது. வெறுப்பில் வேண்டுமென்றே பழுதாக்கியவர்களும் இதற்குள் இருப்பார்கள். ஆனால் ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒவ்வொரு விதமாக அடையாளமிட வேண்டியிருப்பதும் மறுக்க முடியாத சிக்கல்.

ஜனாதிபதித் தேர்தலில் ஒருவருக்கு மட்டும் புள்ளடி இடலாம். அல்லது 1, 2, 3 என விருப்ப ஒழுங்கில் இலக்கமிடலாம். 1 இல்லாமல் 2ஐ மட்டும் எழுதினால் வாக்கு செல்லாது.

பாராளுமன்றத் தேர்தலில் முதலில் ஒரு கட்சிக்கோ சுயேச்சைக் குழுவுக்கோ புள்ளடி இட வேண்டும். அதன் பிறகே அந்தப் பட்டியலில் உள்ள வேட்பாளர்களில் மூவருக்கு மேற்படாமல், அவர்களுடைய இலக்கங்களின் மேல் விருப்பு வாக்கு இடலாம். கட்சியை விட்டுவிட்டு இலக்கங்களை மட்டும் அடையாளமிட்டால் முழுச் சீட்டும் பழுது.

உள்ளூராட்சித் தேர்தலில் விருப்பு வாக்கே கிடையாது. ஒரேயொரு புள்ளடி. அது வட்டார வேட்பாளருக்கும் கணக்கிடப்படும், கட்சியின் மொத்த வாக்குக்கும் கணக்கிடப்படும். உறுப்பினர்களில் 60 வீதம் வட்டாரத்திலிருந்தும் 40 வீதம் பட்டியலிலிருந்தும் வருவதற்கு இதுவே அடிப்படை.

இவற்றைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியபோது எல்லோரும் தலையாட்டினார்கள். எண்ணும் முறை விளங்கியது நாங்களே ஒரு வாக்கெடுப்பு நடத்திய பிறகுதான். கட்சியும் இல்லை, சின்னமும் இல்லை. நூலகத்துக்கு முதலில் எது வேண்டும் என்பதே கேள்வி. சிறுவர் பகுதிக்குப் புதிய நூல்கள், ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருத்தல், குடிதண்ணீர் வசதி என மூன்று தெரிவுகள். ஜனாதிபதித் தேர்தல் முறைப்படி 40 பேர் வாக்களித்தார்கள்.

சிறுவர் நூல்களுக்கு 17, ஞாயிறு திறப்புக்கு 13, குடிதண்ணீருக்கு 10. பாதிக்கு மேல், அதாவது 21, எதற்கும் கிடைக்கவில்லை. மூன்றாவதை நீக்கி, அந்த 10 சீட்டுகளிலும் இரண்டாவது விருப்பத்தைப் பார்த்தோம். ஏழு ஞாயிறு திறப்புக்கு, இரண்டு சிறுவர் நூல்களுக்கு, ஒன்றில் இரண்டாவது விருப்பமே இல்லை. முடிவு 20க்கு 19. முதலில் பின்னால் நின்றது ஒரு வாக்கால் வென்றது. "அந்த ஒரு சீட்டில் 2 போட்டிருந்தால்?" என்று ஓர் உயர்தர மாணவி கேட்டார். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. நாட்டிலும் 1982இல் முதலாவது ஜனாதிபதித் தேர்தல் நடந்ததிலிருந்து, எவரும் பாதியைத் தாண்டாமல் இரண்டாவது விருப்பங்களை எண்ண வேண்டி வந்தது 2024இல்தான்.

அடுத்து எழுந்த கேள்விதான் கடினமானது. இந்த முடிவை யாரிடம் கொடுப்பது? அப்போது சபையில் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர் ஒருவரும் இல்லை. 2023 மார்ச் 9இல் நடக்கவிருந்த உள்ளூராட்சித் தேர்தல் நிதியில்லை என்று தள்ளிப்போனது. அதே மாதம் சபைகளின் பதவிக்காலமும் முடிந்தது. அதிகாரிகளே நிர்வாகம் நடத்தினார்கள். தேர்தலை நடத்தாதது மக்களின் அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்பளித்தும், வாக்களிக்கும் நாள் 2025 மே 6இல்தான் வந்தது. 2018 ஒக்டோபரில் பதவிக்காலம் முடிந்த வடக்கு மாகாண சபைக்கு அன்றும் தேர்தல் நடந்திருக்கவில்லை. தேர்தல் பிந்தும்போது என்ன இழக்கிறோம் என்பதை, கொடுக்க ஆளில்லாத அந்த ஒரு தாள் எங்களுக்குக் காட்டியது.

நூலகமும் தேர்தலும் எங்கள் நினைவில் இன்னொரு விதத்திலும் சேர்ந்தே இருக்கின்றன. யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது 1981 மே 31 இரவு. மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலுக்கு அப்போது நான்கு நாட்களே இருந்தன. ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன. தேர்தல் காலத்தில் அச்சமில்லாமல் கூடிப் பேச ஓர் இடம் வேண்டும் என்று சொல்லும்போது இதையும் இளையவர்களுக்குச் சொல்லவேண்டும்.

இப்படியொரு நிகழ்வை எந்த ஊர் நூலகமும் பெரிய செலவில்லாமல் நடத்தலாம். சில விடயங்களில் மட்டும் கவனம் வேண்டும். வேட்பாளர் எவரையும் மேடையேற்றக் கூடாது. மாதிரி வாக்கெடுப்பிலும் வாக்கு இரகசியமாக இருக்கவேண்டும். யார் எதற்குப் போட்டார்கள் என்று பகிடியாகக்கூடக் கேட்கக் கூடாது. 18 வயதை எட்டியவர்களிடம் வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்கிறதா என்று கேட்டு, இல்லையென்றால் கிராம அலுவலரிடம் போகச் சொல்லவேண்டும். நூலகத்துக்கு இந்த வருடம் எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எவ்வளவு செலவானது என்பதை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேட்கலாம். கிடைக்கும் பதிலை நூலக அறிவித்தல் பலகையில் ஒட்டிவிடுங்கள். பத்திரிகை வாசிக்க வருகிறவர்கள் அதையும் வாசிப்பார்கள். அடுத்த முறை வாக்குக் கேட்டு வருபவரிடம் என்ன கேட்பது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.