மருத்துவமனைத் தீப்பாதுகாப்பு

மற்ற கட்டடங்களில் தீ என்றால் மக்கள் வெளியே ஓடலாம். மருத்துவமனையில் செயற்கைச் சுவாசக் கருவியோடு படுத்திருப்பவரால் எழவே முடியாது. அதனால் இங்கே ஒவ்வொரு தளமும் தீயும் புகையும் தாண்டாத சுவர்களாலும் கதவுகளாலும் பிரிக்கப்பட வேண்டும். நோயாளியைக் கட்டிலோடு அதே தளத்தின் பாதுகாப்பான பகுதிக்கு முதலில் தள்ளிச் செல்வதே முறை.

கொல்கத்தா தாக்குரியாவின் ஆம்ரி மருத்துவமனையில் 2011 டிசம்பர் 9 அதிகாலை நேர்ந்தது இதற்கு நேர்மாறு. வாகனம் நிறுத்த வேண்டிய அடித்தளம் எரியக்கூடிய பொருட்களின் கிடங்காகியிருந்தது. அங்கே பற்றிய தீயின் புகை குளிரூட்டிக் குழாய்கள் வழியே மேல்தளங்களை அடைந்தது. கண்ணாடியால் மூடிய முகப்பு புகையை வெளியேற விடவில்லை. சுமார் 90 பேர் இறந்தனர். பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பன்று, மூச்சுத்திணறல். கேரளத்தைச் சேர்ந்த இரு இளம் செவிலியர் நோயாளிகளைக் காப்பாற்றிவிட்டு உயிரிழந்தனர்.

2020 நவம்பரில் ராஜ்கோட் கோவிட் மருத்துவமனைத் தீக்குப் பின், தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, முறையான தணிக்கை, கோவிட் மருத்துவமனைதோறும் பொறுப்பு அலுவலர் ஆகியவற்றை உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. சான்று பெறுவது தொடக்கமே. படிக்கட்டில் அடுக்கிய பெட்டிகளையும் பூட்டிய அவசரக் கதவையும் அன்றாடம் பார்ப்பவர் வேண்டும். நீதிமன்றம் வலியுறுத்திய பிறகும், 2021 ஜனவரியில் மகாராட்டிரத்தின் பண்டாராவிலும் 2024 நவம்பரில் ஜான்சியிலும் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளே எரிந்தன.